பதினாறாம் வசனம்

மே 6, திங்கள்

தேதியை முதலில் சொல்ல வேண்டுமாம். பேரன் யாபேஸின் கட்டளை.

"தேதி சொல்லு தாத்தா, அப்புறம் அன்னிக்கு நடந்தத சொல்லு, முடிஞ்சதும் செவப்புப் பொட்டத் தட்டு. போனே டைரி எழுதிக்கும். நீ சும்மா வாயத் திறந்தா போதும், அதுதான் உனக்கு நல்லா வருமே."

எனக்கு எழுத்து வராது. சுரங்கத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுக்கும் வேலையில் இருந்த காலம் முழுக்கச் சம்பளத்துக்குக் கட்டைவிரல்தான் வைத்தேன். இப்போது அதே விரல்தான் டைரிக்கும். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகியும் இந்தத் தங்கவயலில் எனக்கு டிம்பர் தாத்தா என்றுதான் பெயர். ஏனோக்கு என்றால் கோயிலில் மட்டும் தெரியும். தேதியைச் சொன்னதும் என் வாய் தானாகப் பிரசங்கத் தமிழுக்குப் போய்விடுகிறது. யாபேஸ் தரையில் உருண்டு சிரிக்கிறான்.

இன்றைக்கு நம் மெத்தடிஸ்ட் கோயிலில் வி.பி.எஸ். தொடங்கியது. கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு நடக்கிற வேதப்பள்ளி. பாட்டு, கதை, காகித வேலை, பதினொரு மணிக்கு பிஸ்கட்டும் ஜூஸும். முன்னே வாசல்வரை பிள்ளைகள் வழியும். இந்த வருஷம் இருபத்திரண்டு பேர். "சரியா ஒரு சங்கீதத்துக்குப் போதும்" என்றாள் பியூலா டீச்சர். ஞாயிறு பள்ளிக்கும் வி.பி.எஸ்ஸுக்கும் அவள்தான் தலைவி. என்னோடு சுரங்கத்தில் இறங்கிய செல்வநாதனின் மகள்.

மே 7, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்தது. ஆறு குடம் பிடித்தேன். முதுகு பிடித்துக்கொண்டது.

மே 9, வியாழன்

பேரணி. பிள்ளைகள் காகிதக் கிரீடம் வைத்துக்கொண்டு சுரங்கத்து லைன் வீடுகளின் வழியாகப் பாட்டுப் பாடிப் போனார்கள். யாபேஸுக்குப் பதினொரு வயது, தலை பெரிது. கிரீடம் கிழிந்துவிட்டது. அவன் தங்கை கெசியாவுக்கு எட்டு வயது, தலை சின்னது. அவளுடையது கழுத்தில் இறங்கி மாலையாகிவிட்டது. மருமகள் கிளாடிஸ் வாசலில் நின்று சிரித்த சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. என் மகன் தேவசித்தம் விடிகாலை ரயிலுக்குப் பெங்களூர் போனால் பிள்ளைகள் தூங்கியபிறகு வருகிறவன். இதையெல்லாம் அவன் பார்ப்பதில்லை. அதனால்தான் இங்கே சொல்லி வைக்கிறேன்.

மே 11, சனி

எங்கள் கோயிலில் பிள்ளைகளை எண்ணுகிற விதம் வேறு எங்கும் கிடையாது. ஒன்று, இரண்டு என்று தலையைத் தொட்டு எண்ண மாட்டோம். ஆட்டையா எண்ணுகிறோம் என்று அந்தக் காலத்து டீச்சரம்மா ஒருத்தி சொல்லிவிட்டாள். வேதத்தில் சங்கீதம் என்கிற பாட்டு ஒன்றை எடுத்து ஆளுக்கொரு வசனம்; இந்த வருஷத்துப் பாட்டில் இருபத்திரண்டு. முதல் பிள்ளை முதல் வசனத்தைச் சொல்ல, அடுத்தது அடுத்ததைச் சொல்ல, சங்கீதம் அறுபடாமல் முடிந்தால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அறுந்தால், அந்த வசனத்துக்காரன் எங்கே என்று தேட வேண்டும். என் பிள்ளைக்காலத்திலும் இப்படித்தான்.

சுரங்கத்தில் பித்தளைப் பில்லை இருந்தது. இறங்கும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஏறி வந்ததும் பலகையில் மாட்ட வேண்டும். பலகையில் ஓட்டை இருந்தால் ஒருவன் கீழே இருக்கிறான். அடுத்தவன் பில்லையைத் தயவுக்காக மாட்டுகிறவனை மேஸ்திரி செருப்பால் அடிப்பான்.

யாபேஸுக்கு வந்தது பதினாறாம் வசனம். காற்று அடித்ததும் வயல்பூ இருந்த இடமே தெரியாமல் போகும் என்று வருகிற வசனம். அவனுக்கு மனப்பாடம் ஏறாது. இன்று கோயிலில் சொல்லிப் பார்த்தபோது பதினைந்து முடிந்ததும் வாயைத் திறந்து நின்றான். பிறகு கெசியாவின் முதுகில் ஒரு குத்து. அவள் உடனே அண்ணனைப்போலவே தொண்டையைக் கட்டிக்கொண்டு கரகரவென்று பதினாறை ஒப்பித்தாள். கண்ணை மூடிக் கேட்டால் அவனேதான். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். பியூலாவும் சிரித்துவிட்டு, "டேய், பெரிய ராஜா, உனக்குப் பதில் சொல்ல ஆள் வச்சிருக்கியா?" என்றாள்.

நானும் சிரித்தேன்.

மே 14, செவ்வாய்

கடைசி நாளன்று பிள்ளைகளைப் பெரிய ஏரிக்கு அழைத்துப் போகிறார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்துக்குக் காவலாக என்னையும் வரச்சொன்னாள் பியூலா. பின்சீட்டில் பெரிய பையன்களைப் பார்த்துக்கொள்ள வாலிபர் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேர்.

"தாத்தா வந்தா டிரைவருக்கு லீவு விட்டுடலாம்" என்கிறான் யாபேஸ். "பஸ்ல எல்லாரும் தூங்குவாங்க, இவரு மட்டும் ரோட்டயே முறைச்சிகினு வருவாரு."

உண்மைதான். வண்டியில் எனக்குத் தூக்கம் வராது. சுரங்கக் கூண்டில் இறங்கி ஏறிய உடம்பு.

கிளாடிஸ் பள்ளி திறப்பதற்கென்று இருவருக்கும் செருப்பு வாங்கி வந்திருக்கிறாள். ஏரிக்கு அதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று ஒருமுறைக்கு மூன்றுமுறை சொன்னாள். போட்டுக்கொண்டுதான் போவான்.

மே 18, சனி

பஸ் வந்துவிட்டது. பாத்திரம் ஏற்ற வேண்டும்.

மே 20, திங்கள்

யாபேஸை அடக்கம் பண்ணியாயிற்று.

மே 23, வியாழன்

இதை எதற்கு அழுத்துகிறேன் என்று தெரியவில்லை. விரல் போய்விட்டது, தேதியையும் சொல்லிவிட்டேன். தேதி சொன்னால் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லியிருக்கிறான்.

மத்தியானம் எலுமிச்சைச் சாதமும் முட்டையும். பிறகு கயிறு இழுக்கிற போட்டி. யாபேஸ் பக்கம் தோற்றது. ஆட்டத்துக்காகச் செருப்பைக் கழற்றிக் கரைமேல் ஆலமரத்தடியில் வைத்திருந்தான். இருட்டுகிற நேரத்தில் கிழக்கே மின்னி, காற்று மண்ணை வாரி அடித்து, பெரிய பெரிய தூறலாக விழுந்தது. எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடினோம். டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான், மண்ரோடு சேறாகிவிட்டால் வண்டி ஏறாது என்று. தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டார்கள். உள்ளே விளக்கு எரியவில்லை.

பியூலா முன்னால் கம்பியைப் பிடித்து நின்று, "சங்கீதம் சொல்லுங்க பசங்களா" என்றாள். மழைச் சத்தத்தில் பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். முதல் வசனம் ஆஷர், பல் விழுந்தவன், காற்றாகத்தான் வந்தது. மூன்றாவது எங்கள் கெசியா. எட்டாவது சொன்னவன் பாதியில் தும்மினான். பதினாலாம் வசனத்தின்போது ஒரு மாடு நின்ற வண்டியை உரசிக்கொண்டு போக டிரைவர் வைதான். பதினைந்தை ரெபேக்கா சொன்னாள், குளிரில் பல் அடித்துக்கொள்ள.

அதற்குமேல் எனக்குத் தெரியாது. நான் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது பிள்ளைகள் இருபத்திரண்டை முடித்து ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஸ் கிளம்பியது.

கோயில் வாசலில் குடையோடு நின்ற கிளாடிஸ் ஒவ்வொரு பிள்ளையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளையும் இறங்கியது. படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்து, "யாபேஸ், வெளையாடாத, இறங்குடா" என்றாள்.

ஏரியூர் ஆட்டுக்காரன் ஒருவன் போலீசிடம் சொல்லியிருக்கிறான். ஒரு பையன் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடினானாம். எட்டாது என்று தெரிந்ததும், ரோடு வளைகிற இடத்தில் பிடித்துவிடலாம் என்று ஏரிக்குள் குறுக்கே இறங்கினானாம். செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளங்கள் அங்கே. மழைத்தண்ணீரில் பள்ளமும் தரையும் ஒன்றுபோலத் தெரியும்.

மறுநாள் காலையில் எடுத்தபோதும் செருப்பைக் கையில் வைத்திருந்தான்.

மே 26, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. தேவசித்தம் போலீஸ் ஸ்டேஷனில் பியூலாவின்மேல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பிள்ளையை எண்ணாமல் விட்டுவிட்டு வந்தவள் என்று. "அவளும் அழணும் நைனா" என்றான்.

சாயங்காலம் கோழிக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தேன். கெசியா வந்து பக்கத்தில் குந்தினாள். நான்கைந்து நாளாகச் சோறு இறங்காமல் முகம் கோழிக்குஞ்சாட்டம் ஆகிவிட்டது.

"தாத்தா, அன்னிக்கு பஸ்ல... அவன்தான் எப்பவும் என்னயே சொல்லச் சொல்வான்ல..."

தவிட்டுக் கையாலேயே அவள் வாயைப் பொத்திவிட்டேன். "பேசாத கண்ணு. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உனக்கு ஒண்ணும் தெரியாது. தாத்தாவுக்கும் ஒண்ணும் தெரியாது, தாத்தா தூங்கிட்டேன். சரியா?"

அவள் தலையை ஆட்டினாள். வாயைச் சுற்றித் தவிடு ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டேன்.

மே 28, செவ்வாய்

கெசியாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை. கிளாடிஸ் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள்.

மே 30, வியாழன்

இன்னும் பேச்சு வரவில்லை. அண்ணன் போன துக்கம் என்கிறார்கள் லைனில். ஆமாம், துக்கம்தான்.

ஜூன் 2, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. மேஜைக்கு அந்தப் பக்கம் பாஸ்டரும், கோயில் கணக்கு வழக்கு பார்க்கிற ஸ்டூவர்டு குணசீலனும். இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பியூலா. அவள் அம்மா ரூபவதி வெளியே வராந்தாவில். எங்கள் குடும்பத்துக்கு முன்பெஞ்சு போட்டிருந்தார்கள். கெசியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

குணசீலன் கெட்டவன் அல்ல. அவன் மகளும் அந்த பஸ்ஸில் இருந்தாள். அந்தப் பயம் அவனுக்குக் கோபமாக ஏறியிருந்தது.

"எண்ணினேன்னு சொல்ற. அப்ப பதினாறு யாருமா சொன்னது?"

"வந்துச்சு ஐயா. ஒண்ணுலேர்ந்து இருபத்திரண்டு வரைக்கும் அறுபடாம வந்துச்சு. அதனாலதான் கிளம்பச் சொன்னேன்."

"எப்படி வரும்? பதினாறுக்காரன் ஏரிக்கரையில நின்னிகினு இருந்தான்."

பின்சீட்டில் இருந்த வாலிபன் ஒருவன் எழுந்தான். "வந்துச்சுண்ணா. நானும் கேட்டேன். யாபேஸ் குரல் மாதிரியேதான் இருந்துச்சு."

"ஓகோ. பையன் பஸ்ல உக்காந்து வசனம் சொல்லிட்டு, அப்புறம் பறந்து போயி ஏரியில விழுந்தானா? உக்காருடா."

யாரோ ஒருவர் சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

பாஸ்டர் மெதுவாகக் கேட்டார். "பியூலா, அந்தக் குரல் யாருதுன்னு உனக்குத் தோணுது? யாரச் சொன்னாலும் விசாரிக்கலாம்."

பியூலா குனிந்துகொண்டாள். புடவை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வேறு யாரையும் பார்க்கவில்லை.

"தெரியல ஐயா. வசனம் வந்துச்சு. அவ்ளோதான் தெரியும்."

"டிம்பர் தாத்தா முன்சீட்டுலதான் இருந்தாரு" என்றான் குணசீலன். "அவரு ஞாபகம் ஊருக்கே தெரியும். சொல்லுங்க, பதினாறு காதுல விழுந்துச்சா?"

பக்கத்தில் கிளாடிஸின் மூச்சு எனக்குக் கேட்டது.

"நான் தூங்கிட்டேன்பா."

பியூலாவைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். இனிமேல் பிள்ளைகளைச் சங்கீதத்தால் எண்ணுவதில்லை, தலையைத் தொட்டு எண்ணுவது என்றும் தீர்மானம்.

ஜூன் 5, புதன்

பியூலா வேலை பார்த்த நர்சரிப் பள்ளியில் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். அந்தக் குரல் யாருடையது என்று காதால் கேட்டுத் தெரிந்த ஒருவன் இருந்து, அவன் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால், அந்தப் பெண் தப்பித்துக்கொள்வாள். எண்ணினாள், எண்ணிக்கை ஏமாற்றிவிட்டது என்று ஆகிவிடும். ஆனால் சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து ஒரு எட்டு வயதுப் பிள்ளை அண்ணனைக் கொன்றவளாகிவிடுவாள். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, பல் விழுந்த பிறகும், அவள்தானே அந்தப் பிள்ளை என்று இந்த ஊர் சொல்லும். ஊர் சொல்லாவிட்டாலும் அவளைப் பெற்றவள் சொல்லாமல் இருப்பாளா, அடுப்பில் பால் பொங்கி வழிகிற ஒரு நாளைக்கு?

அப்படி ஒருவன் இருந்தால் என்கிற பேச்சுதான் இது.

ஜூன் 8, சனி

குழாயடியில் ரூபவதி. கூட்டத்தில் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் குடத்தை வரிசையிலேயே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணா, நீங்க பஸ்ல தூங்கறவரா?"

"வயசாயிடுச்சு தங்கச்சி."

"எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப ஒண்ணு சொல்வாரு. கூண்டு இறங்கும்போது எல்லாரும் கண்ண மூடிக்குவாங்க, ஏனோக்கு ஒருத்தன்தான் முழிச்சிகினே வருவான்னு. அவன் பக்கத்துல நின்னா பயமில்லன்னு. அதச் சொல்லிச் சொல்லித்தான் செத்தாரு."

எனக்கு முன்னால் இருந்த குடம் நிரம்பி வழிந்தது. யாரும் நகர்த்தவில்லை.

"எம்பொண்ணுக்கு ஆகஸ்ட்ல வச்சிருந்த கல்யாணத்த நிறுத்திட்டாங்க, தெரியுமில்ல? பரவாயில்ல. நீங்க தூங்குங்க அண்ணா. நல்லாத் தூங்குங்க."

வெறுங்குடத்தோடு வீட்டுக்கு வந்தேன். "தண்ணி நின்னுடுச்சா மாமா?" என்றாள் கிளாடிஸ். ஆமாம் என்றேன்.

ஜூன் 12, புதன்

பள்ளி திறந்துவிட்டது. கெசியா போகிறாள், வருகிறாள். வாத்தியார் கேட்டால் எழுதிக் காட்டுகிறாளாம். புதுச் செருப்பைப் போட மாட்டேன் என்கிறாள். தேய்ந்த பழையதிலேயே போகிறாள். யாரும் வற்புறுத்தவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

யாபேஸுக்காக நினைவு ஆராதனை. பிள்ளைகளே நடத்தட்டும் என்றார் பாஸ்டர். இருபத்தொரு பேரும் வெள்ளை உடுப்பில் பீடத்தின் முன்னால் வரிசையாக நின்றார்கள். பதினைந்தாம் ஆளுக்கும் பதினேழாம் ஆளுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தார்கள். சங்கீதத்தைச் சொல்லி வரும்போது அந்த இடத்தில் நிறுத்தி, எல்லாரும் அமைதியாகத் தலைகுனிவது என்று ஏற்பாடு.

கெசியா மூன்றாம் இடத்தில். பேச்சு வராதே என்று அவள் வசனத்தைப் பக்கத்துப் பிள்ளையே சேர்த்துச் சொன்னது.

பதினைந்து முடிந்தது. பாஸ்டர் தலைகுனிந்தார். கோயில் முழுக்கத் தலைகுனிந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும்.

அப்போது பதினாறு வந்தது.

கரகரவென்று, தொண்டை கட்டின குரலில், காற்று, பூ, அதன் இடம் என்று ஒரு சொல் தப்பாமல். யாபேஸேதான். எனக்கு முன்னால் இருந்த ஒரு கிழவி, "ஐயோ என் ஆண்டவரே" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். நிமிர்ந்து பார்த்தால், மூன்றாம் இடத்தில் கெசியா. கண்ணை அகலத் திறந்து, யார்மேலும் பார்வையை வைக்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்து வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் சொல்லிவிட்டாள். இனி என்ன ஆகுமோ என்று சபையைத் திரும்பிப் பார்த்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. "ஆமென்" என்றார் ஒருவர். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று பெண்கள் பக்கம் அழுகை எழும்பியது. குணசீலன் கைக்குட்டையை முகத்தில் வைத்துக் குலுங்கினான். பாஸ்டர் குரல் உடைந்து, "பாருங்க சபையே, பேச்சு போயிருந்த பிள்ளை அண்ணனுக்காக வாயத் திறந்தாள். அவனோட இடத்த தங்கச்சி காலியா விடல" என்றார். பிள்ளையைத் தூக்கி நெற்றியில் முத்தம் கொடுத்தார். அவள் கட்டைபோல இருந்தாள்.

கடைசிப் பெஞ்சில் ரூபவதி எழுந்தாள். வாசல்வரை போய், திரும்பி ஒருமுறை பிள்ளையைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

கிளாடிஸ் அழவில்லை. பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எல்லாரும் ஆமென் சொல்கிறார்கள். நானும் சொன்னேன்.

ஜூன் 17, திங்கள்

தேவசித்தம் வேலைக்குப் போன பிறகு, அரிசி புடைத்துக்கொண்டிருந்த கிளாடிஸ் முறத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா, அன்னிக்கு பஸ்ல தூங்குனீங்களா?"

நான் கட்டிலின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சு விழவில்லை.

"வீட்ல இருந்தே அந்தப் பழக்கம்" என்றாள். "அவனுக்குப் பதிலா இவ சொல்றது. நான்தான், எப்படியோ ஒண்ணு சொன்னா சரின்னு விட்டேன். சிரிச்சேன்கூட."

"நானும்தாம்மா சிரிச்சேன்."

"உங்க பிள்ளைக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு. அந்த டீச்சர்மேல இருக்கிற கோபத்துலதான் அவரு எழுந்து வேலைக்குப் போறாரு. அதையும் எடுத்துட்டா..." முறத்தைத் திரும்ப எடுத்தாள். ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள். "நீங்க தூங்கினதாவே இருக்கட்டும் மாமா."

வெகுநேரம் புடைத்துக்கொண்டிருந்தாள். அரிசியில் கல்லே இல்லை.

ஜூன் 19, புதன்

நேற்று முழுக்க கிளாடிஸ் பிள்ளைக்குத் தலை பின்னவில்லை. இன்று நான் பின்னிவிட்டேன். கோணலாக வந்தது. அப்படியே பள்ளிக்குப் போய்விட்டாள்.

கோயிலில் பேசியதோடு சரி, அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. பெங்களூரில் பெரிய டாக்டரிடம் காட்ட இங்கே ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 21, வெள்ளி

எட்டு மணி ரயிலில் கெசியாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தேவசித்தம் அங்கே ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். கிளாடிஸ் வரவில்லை. "அவ பக்கத்துல ரெண்டு மணி நேரம் என்னால உக்கார முடியாது மாமா" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். நான் பயந்தது இதைத்தான். இதை நிறுத்தத்தான் அத்தனையும். நிற்கவில்லை.

எங்களுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அடுத்த ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. அதற்கு நடுவில் சாப்பாட்டுப் பையோடு பியூலா வருவதைப் பார்த்தேன். பெங்களூரில் ஏதோ தையல் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எதிர்ச்சீட்டு ஒன்றுதான் காலியாக இருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் உட்காருவது தெரிந்தது. ரயில் கிளம்பியது. பிறகு, "டீச்சர்" என்றாள் கெசியா. சொந்தக் குரலில். மெல்லிசாக, துருப்பிடித்த கீல் திறக்கிற மாதிரி.

"கண்ணு. எப்படி இருக்க? தாத்தா தூங்கறாரா?"

"ஆமா டீச்சர். தாத்தா எப்பவும் பஸ்லயும் ரயில்லயும் தூங்கிடுவாரு."

மனப்பாட வசனத்தைப்போலச் சொன்னாள். அவளுக்கு மனப்பாடம் நன்றாக வரும்.

"டீச்சர், அன்னிக்குப் பதினாறு நான்தான் சொன்னேன். அண்ணன் பின்னாடி பெரிய பசங்களோட இருக்கான்னு நெனச்சேன். மறந்துட்டு முழிக்கிறான், திட்டு வாங்குவான்னு..."

"தெரியும் கண்ணு."

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு வசனமா நெனச்சுப் பாத்தேன். பதினாறுல நின்னுட்டேன்."

ரயில் ஒரு பாலத்தைக் கடந்தது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பிள்ளை காத்திருந்தாள்.

"அப்ப பாஸ்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"எண்ணுனது நானு. திரும்பிப் பின்னாடி போய்ப் பாத்திருக்கணும், போகல. நீ வசனம்தான சொன்ன? வசனம் சொல்றது தப்பா?"

கெசியா அழுகிறாள் என்பது சீட்டின் அதிர்விலிருந்து தெரிந்தது. பியூலா இந்தப் பக்கம் எழுந்து வந்து நடுவில் உட்கார்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. கோணல் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னுகிற சரசரப்பு கேட்டது. ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். வி.பி.எஸ்ஸில் பாடின பாட்டு. கை தட்ட வேண்டிய இடம் வந்தபோது தட்டாமல் கடந்து போனாள்.

பெங்களூருக்கு முந்தின ஸ்டேஷனில் எழுந்தாள். என் மடியிலிருந்து டாக்டர் சீட்டு நழுவித் தரையில் விழுந்திருக்க வேண்டும். அதை எடுத்து, ஊதித் துடைத்து, என் சட்டைப்பைக்குள் வைத்தாள். விரல் நெஞ்சில் பட்டது. ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். மூச்சு என் முகத்தில் விழுந்தது.

"போய்ட்டு வரேன் மாமா" என்றாள், மிகவும் மெதுவாக.

நான் அசையவில்லை. தூங்கிக்கொண்டிருந்தேன்.